பழைய விண்டோஸ் டெஸ்க்டாப்: எந்த ஃபைலைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

மதுரையில் இன்னும் உயிரோடு இருக்கும் 486, பென்டியம் சிஸ்டங்களை யாரும் அழகுக்காக வைத்திருப்பதில்லை. மாசி வீதிகளை ஒட்டிய பத்திரிகை அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் பழைய ஃபைல்களைத் திறக்க ஒன்று வேண்டியிருக்கும். ஜாதகம் கணிப்பவர் வீட்டில் டாஸ் (கட்டளைகளை அடித்து ஓட்டும், விண்டோஸுக்கு முந்தைய முறை) புரோகிராம் ஒன்று அதில்தான் ஓடும். பிள்ளைகள் படித்துப் போனபின் மாடியறையில் துணி போர்த்தி வைத்த வீட்டுக் கம்ப்யூட்டரை யாராவது மறுபடி தூசி தட்டி எடுப்பதும் உண்டு. எடுத்தவுடன் வரும் முதல் ஆசை, டெஸ்க்டாப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற வேண்டும் என்பது. வேண்டாத ஐகான்கள் போக வேண்டும், வேண்டியது ஒரே கிளிக்கில் திறக்க வேண்டும், முடிந்தால் பெயர்கள் தமிழில் தெரிய வேண்டும்.

அதற்கு வழி நான்கு இருக்கின்றன. விண்டோஸ் 3.1-இல் ஐஎன்ஐ ஃபைல்களை, அதாவது செட்டிங்குகள் எழுதியிருக்கும் டெக்ஸ்ட் ஃபைல்களை, கையால் திருத்துவது. டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு டாஸிலேயே ஒரு மெனு போட்டுக்கொள்வது. விண்டோஸ் 98-இல் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேர்த்து வைக்கும் இடம்) வழியாக மாற்றுவது. அதே 98-இல் ரெஜிஸ்ட்ரியைத் தொடாமல் டெக்ஸ்ட் ஃபைல்களையும் ஃபோல்டர்களையும் மட்டும் வைத்துச் சமாளிப்பது.

எது அழகாக இருக்கும், எது வேகமாக இருக்கும் என்பதை வைத்து இவற்றை எடைபோடக் கூடாது. கெட்டுப்போனால் ஒரே ஒரு ஃப்ளாப்பியை வைத்து மீட்க முடியுமா என்று கேட்க வேண்டும். இந்த சிஸ்டங்களின் டிரைவர் டிஸ்க்குகள் எப்போதோ தொலைந்துவிட்டன. மறுபடி இன்ஸ்டால் செய்வது என்பது பல வீடுகளில் நடக்கிற காரியமே இல்லை. போதாக்குறைக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறது, முன்னறிவிப்பில்லாத மின்தடையும் இருக்கிறது. பழைய யுபிஎஸ்ஸின் பேட்டரியை நம்புவதற்கில்லை. ஆகவே கரண்ட் போகிற கணத்தில் எந்த ஃபைல் திறந்திருக்கும் என்பதும் இந்த ஒப்பீட்டில் சேரும்.

ஃபைல் பெயர்களையும் உள்ளே எழுத வேண்டிய வரிகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். சிஸ்டத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில், இங்கே இடம் விட்டிருக்கும் இடத்தில் மட்டும் இடம் விட்டு அடிக்க வேண்டும்.

தொடுவதற்கு முன்னால்

முதலில் கேபினட்டைத் திறந்து மதர்போர்டு பேட்டரியைப் பாருங்கள். பென்டியம் காலத்து போர்டுகளில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட செல் இருக்கும், மாற்றுவது சுலபம். 486 போர்டுகள் பலவற்றில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்திருப்பார்கள். பீப்பாய் வடிவத்தில் நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ இருக்கும். அது கசிந்து பக்கத்தில் இருக்கும் செப்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சைப் பூசணம் தெரிந்தால் டெஸ்க்டாப் வேலையை ஒத்திவைத்து, முதலில் அந்தப் பேட்டரியை வெட்டி எடுங்கள். எடுப்பதற்கு முன் பயாஸ் செட்டப்புக்குள் போய் ஹார்ட் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி போனதும் அந்த எண்கள் மறந்துபோகும். அவை இல்லாமல் டிஸ்க் திறக்காது. திறக்காத டிஸ்க்கைப் பார்த்துவிட்டு ஐஎன்ஐ ஃபைலைக் கெடுத்துவிட்டோம் என்று பயப்படுகிறவர்கள் நிறைய.

அடுத்தது பூட் ஃப்ளாப்பி. டாஸ் 6.22 சிஸ்டம் என்றால் ஃபார்மேட் ஏ: /எஸ் கொடுத்து, அதில் அட்ரிப், சிஸ், எஃப்டிஸ்க், எடிட் ஆகியவற்றைக் காப்பி செய்யுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. டாஸ் 6.22-இன் எடிட்.காம் தனியாக ஓடாது, க்யூபேசிக்.எக்ஸி கூடவே இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், அவசரத்தில் ஃப்ளாப்பியைப் போட்டு ஃபைலைத் திருத்தப் பார்க்கிற நேரத்தில்தான் தெரியவரும். விண்டோஸ் 98-இன் எடிட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று: டாஸ் 6.22 ஃப்ளாப்பியால் ஃபேட்32 (98 சிஸ்டங்களில் வரும் டிஸ்க் அமைப்பு) டிஸ்க்கைப் படிக்க முடியாது. 98 சிஸ்டத்துக்கு 98-லேயே செய்த ஸ்டார்ட்அப் டிஸ்க் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஃப்ளாப்பியின் மேல் பூஞ்சை படியும். அதனால் ஒன்றுக்கு இரண்டாகச் செய்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பூஞ்சை பிடித்ததை டிரைவில் போட்டால் ஹெட் அழுக்காகி, அதற்கடுத்துப் போடும் நல்ல ஃப்ளாப்பியும் படிக்காமல் போகும்.

விண்டோஸ் 3.1: எல்லாமே கண்ணுக்குத் தெரியும்

1992-இல் வந்த இந்தப் பதிப்புக்கு 386 பிராசசரும் 4 எம்பி ராமும் போதும். உங்களிடம் இருப்பது 8 எம்பி ராம் உள்ள 486 என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். 98-ஐ அதில் ஏற்றினால் ஓடுவதாகப் பேர் இருக்கும், வேலை நடக்காது.

டெஸ்க்டாப்பைத் தீர்மானிக்கும் ஃபைல்கள் மூன்று, மூன்றும் சி:\விண்டோஸ் உள்ளே. எந்த ஷெல் (விண்டோஸ் திறந்ததும் முன்னால் வந்து நிற்கும் புரோகிராம்; வழக்கமாக ப்ரோக்மேன் என்ற புரோகிராம் மேனேஜர்) ஓட வேண்டும் என்பது சிஸ்டம்.ஐஎன்ஐயில். வால்பேப்பர், ஃபான்ட், ஐகான் இடைவெளி, தானாக ஓட வேண்டிய புரோகிராம்கள் எல்லாம் வின்.ஐஎன்ஐயில். எந்தெந்த குரூப்கள் (ஐகான்களைத் தொகுத்து வைக்கும் விண்டோக்கள்), எந்த வரிசையில் என்பது ப்ரோக்மேன்.ஐஎன்ஐயில். குரூப்பின் உள்ளே இருக்கும் ஐகான்கள் மட்டும் .ஜிஆர்பி என்று முடியும் ஃபைல்களில் இருக்கும். அவை பைனரி, எடிட்டரில் திறக்கக் கூடாது.

திருத்துவதற்கு சிஸ்எடிட்.எக்ஸி நல்லது. ஃபைல் மெனுவில் ரன் போய் அந்தப் பெயரை அடித்தால் வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ, கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் நான்கும் ஒரே விண்டோவில் திறக்கும். சேவ் செய்யும்போது பழையதை .எஸ்ஒய்டி என்ற முடிவோடு பேக்கப் எடுத்தும் வைக்கும். ப்ரோக்மேன்.ஐஎன்ஐ அதில் வராது, அதை நோட்பேடில் திறக்க வேண்டும். ரைட்டிலோ வேர்டிலோ திறந்து அவற்றின் சொந்த ஃபார்மேட்டில் சேவ் செய்தால் ஃபைல் முழுதும் கெட்டது. இப்போதைய லேப்டாப்பில் திருத்திக் கொண்டுவருகிறவர்களுக்கு வேறு ஆபத்து: லினக்ஸ் எடிட்டர்கள் வரி முடிவை வேறு விதமாகப் போடும், சில எடிட்டர்கள் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் குறியைச் சேர்க்கும். ஆன்சி, டாஸ் வரிமுடிவு என்று தேர்ந்தெடுத்தே சேவ் செய்யுங்கள்.

வின்.ஐஎன்ஐயில் [டெஸ்க்டாப்] பகுதிதான் விஷயம் நிறைந்த இடம். ஐகான்ஸ்பேசிங் என்பது ஐகான்களுக்கு இடையே கிடைமட்ட இடைவெளி. சாதாரணமாக 75-ஐ ஒட்டி இருக்கும். நீளமான பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் 100 ஆக்குங்கள். ஐகான்வெர்டிகல்ஸ்பேசிங் செங்குத்து இடைவெளி. ஐகான்டைட்டில்ஃபேஸ்நேம், ஐகான்டைட்டில்சைஸ் இரண்டும் ஐகானுக்குக் கீழே வரும் எழுத்தின் ஃபான்ட்டும் அளவும். இந்த இரண்டு வரிதான் தமிழ்ப் பெயருக்கு வாசல். 1999-இல் அறிவிக்கப்பட்ட தரத்தில் டேப் வகை ஃபான்ட்கள் இருமொழிக்கானவை. ஆங்கில எழுத்துகள் அவற்றில் தம் இடத்திலேயே இருக்கும், தமிழ் மேல் பாதியில் இருக்கும். டேம் வகை ஒருமொழி. அதை ஐகான் ஃபான்ட்டாக வைத்தால், ஆங்கிலப் பெயர் கொண்ட ஐகான்கள் எல்லாம் புரியாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். ஆகவே டேப் மட்டும். அளவு 8 என்றால் கொம்பும் கொக்கியும் வெட்டுப்படும். 10 அல்லது 12 வைத்து, செங்குத்து இடைவெளியையும் கூட்டுங்கள். பெயரை அடிக்கத் தமிழ்க் கீபோர்டு டிரைவர் இல்லையென்றால் ஆல்ட் கீயை அழுத்தியபடி நம்பர் பேடில் 0-வும் மூன்று இலக்க எண்ணும் கொடுத்து ஒவ்வொரு எழுத்தாக வர வைக்கலாம். பழைய விண்டோஸில் சில எண்களுக்கு எழுத்து வராமல் கட்டம் மட்டும் வரலாம். உங்களுக்கு வேண்டிய பெயரை முதலில் ரைட்டில் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அச்சகத்துச் சிஸ்டங்களில் வின்.ஐஎன்ஐயே பிரச்னையாக இருப்பதும் உண்டு. ஏற்றிய ஒவ்வொரு ட்ரூடைப் ஃபான்ட்டுக்கும் [ஃபான்ட்ஸ்] பகுதியில் ஒரு வரி சேரும், டிஸ்க்கில் ஒரு .எஃப்ஓடி ஃபைல் சேரும். முந்நூறு ஃபான்ட் ஏற்றிய சிஸ்டம் விண்டோஸ் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். வின்.ஐஎன்ஐ 64 கேபியைத் தாண்டவும் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை கூடத் தொடாத ஃபான்ட்களை கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்குங்கள், ஃபைலை டிஸ்க்கிலிருந்து அழிக்கும் டிக்கைப் போடாமல். வேண்டும்போது மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப் வேகத்துக்கு இதைவிடப் பெரிய மருந்து 3.1-இல் இல்லை. வால்பேப்பரை எடுப்பது அடுத்தது: 640-க்கு 480 அளவில் 256 வண்ணப் படம் ஒன்று 300 கேபி எடுக்கும். 4 எம்பி ராமில் அது சின்னத் தொகை அல்ல.

ப்ரோக்மேன்.ஐஎன்ஐயில் [குரூப்ஸ்] பகுதி ஒவ்வொரு குரூப் ஃபைலுக்கும் முழுப் பாதையைச் சொல்லும். ஆர்டர் என்ற வரி அவற்றின் வரிசையை. டிஸ்க்கை மாற்றும்போது டிரைவ் எழுத்து மாறினால் இந்தப் பாதைகள் எல்லாம் பொய்யாகிவிடும். அப்போது குரூப் ஃபைல் கிடைக்கவில்லை என்று வரிசையாக எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டியதில்லை, பாதையைத் திருத்தினால் போதும். மெயின், ஆக்ஸசரீஸ் போன்ற அடிப்படை குரூப்கள் கெட்டால், ரன்னில் செட்டப் /பி (P எழுத்து) கொடுத்தால் திரும்ப உருவாகும்.

பலர் கை வைக்கும் கடை சிஸ்டத்துக்கு இதே ஃபைலில் ஒரு பூட்டு இருக்கிறது. கடைசியில் [ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்] என்ற தலைப்பை நாமே சேர்க்க வேண்டும். அதன் கீழே எடிட்லெவல்=1 என்றால் குரூப்களைச் சேர்க்கவோ நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. 2 என்றால் ஐகான்களையும் சேர்க்க, நீக்க முடியாது. 3 கட்டளை வரியை மாற்றவிடாது, 4 எதையுமே மாற்றவிடாது. நோசேவ்செட்டிங்ஸ்=1 சேர்த்தால், யார் விண்டோக்களை எப்படி இழுத்துப் போட்டாலும் மறுநாள் காலை பழைய இடத்தில் இருக்கும். நோரன்=1 ரன் கட்டளையை எடுத்துவிடும். முதலில் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஃபைல் மெனுவில் எக்ஸிட் விண்டோஸ் கொடுங்கள்; விண்டோஸ் மூடாமல் அடுக்கு மட்டும் சேவ் ஆகும். பூட்டு அதற்கப்புறம்.

நோஃபைல்மெனு=1 என்று ஒரு வரியும் உண்டு. அதைப் போட்டுவிட்டு நோட்பேட் ஐகானையும் நீக்கிவிட்டால், நீங்களே உள்ளே வர டாஸுக்குப் போய் எடிட்டில்தான் திறக்க வேண்டும். அதனாலேதான் இந்த வழிக்கு நல்ல மதிப்பெண் தருகிறோம். எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் சாவி ஒரு டெக்ஸ்ட் ஃபைல், டாஸில் திறக்கலாம், பழைய காப்பியை மேலே போட்டுவிடலாம். மூன்று ஐஎன்ஐயும் எல்லா .ஜிஆர்பி ஃபைல்களும் சேர்த்தாலும் ஒரு ஃப்ளாப்பியில் தாராளமாக அடங்கும்.

ஷெல்லையே மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. சிஸ்டம்.ஐஎன்ஐயில் [பூட்] கீழே ஷெல்=ப்ரோக்மேன்.எக்ஸி என்றிருப்பதை வின்ஃபைல்.எக்ஸி என்று மாற்றினால் ஃபைல் மேனேஜரே டெஸ்க்டாப் ஆகும். ஃபைலை மட்டும் எடுத்துக் கொடுக்கிற சிஸ்டத்துக்கு அது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் 3.1-இன் பழைய வின்ஃபைல் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளைக் குப்பை எழுத்தாகக் காட்டும், தேதி வைத்துத் தேடுகிறவர்களுக்கு ஆகாது. ப்ரோக்மேனையே வைத்துக்கொள்ளுங்கள்.

டாஸ் மெனு: டெஸ்க்டாப்பே வேண்டாம் என்பவர்களுக்கு

ஜாதக புரோகிராம் ஒன்றுதான் ஓட வேண்டும் என்றால் விண்டோஸுக்குள் போவதே வீண். டாஸ் 6 முதல் கான்ஃபிக்.சிஸ்ஸிலேயே மெனு போடும் வசதி இருக்கிறது. [மெனு] என்ற தலைப்பின் கீழ் மெனுஐட்டம்=ஜாதகம், அடுத்த வரியில் மெனுஐட்டம்=வின், பிறகு மெனுடிஃபால்ட்=ஜாதகம்,10. பத்து விநாடி யாரும் கீயைத் தொடாவிட்டால் முதல் தேர்வு தானாக ஓடும். இரண்டு தேர்வுக்கும் பொதுவான ஹைமெம்.சிஸ், டாஸ்=ஹை, ஃபைல்ஸ்=30 போன்றவற்றை [காமன்] கீழே வையுங்கள். இஎம்எம்386 வேண்டியது [வின்] பகுதியில் மட்டும், நோஇஎம்எஸ் சேர்த்து. ஃபைலின் கடைசியில் வெறும் [காமன்] தலைப்பு ஒன்றை விட்டு வைப்பது நல்ல பழக்கம். பிற்பாடு ஏதாவது இன்ஸ்டால் செய்தால், அது கடைசியில் சேர்க்கும் வரி ஒரே மெனுவுக்குள் சிக்காமல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் கோடு (GOTO) %கான்ஃபிக்% என்று எழுதினால், தேர்ந்தெடுத்த பெயருள்ள லேபிளுக்குத் தாவும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கோடு எண்ட் இருக்க வேண்டும். இதை மறந்தால் ஜாதக புரோகிராமை மூடியதும் விண்டோஸ் தானாகத் திறந்து நிற்கும். கன்ட்ரி=044 என்று கான்ஃபிக்.சிஸ்ஸில் சேர்த்து, கன்ட்ரி.சிஸ் இருக்கும் பாதையையும் கொடுத்தால், டாஸ் தேதியை அமெரிக்க வழக்கப்படி மாதத்தில் தொடங்காமல் நாளில் தொடங்கிக் காட்டும்.

மீட்பு விஷயத்தில் இதற்கு இணையே இல்லை. சிஸ்டம் தொடங்கும்போது எஃப் 5 அழுத்தினால் இரண்டு ஃபைலையும் தாண்டிவிடும், எஃப் 8 அழுத்தினால் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டுப் போகும். எந்த வரியில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஃப்ளாப்பி கூட வேண்டாம். கரண்ட் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: டிஸ்க்கை வேகப்படுத்தும் ஸ்மார்ட்டிரைவ் (SMARTDRV) எழுத வேண்டியதைச் சற்று நேரம் ராமிலேயே வைத்திருக்கும். டாஸ் 6.2 முதல் ஸ்மார்ட்டிரைவ் /எக்ஸ் என்று கொடுத்தால் அந்தத் தாமதம் நின்றுவிடும். வேகம் கொஞ்சம் குறையும், மின்தடையில் ஃபைல் பிழைக்கும். இந்த ஊர் மின்சாரத்துக்கு அந்தப் பேரம் லாபம்தான். 3.1 ஓடும் சிஸ்டத்துக்கும் இது பொருந்தும்.

விண்டோஸ் 98: ரெஜிஸ்ட்ரியா, டெக்ஸ்ட் ஃபைலா

98-க்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன குறைந்தபட்சம் 16 எம்பி ராம். நிம்மதியாக ஓட 64 வேண்டும். இங்கே டெஸ்க்டாப் செட்டிங் பெரும்பாலும் யூசர்.டாட், சிஸ்டம்.டாட் என்ற இரண்டு பைனரி ஃபைல்களுக்குள் போய்விட்டது. ரெஜெடிட் மூலம் உள்ளே போகலாம். ஹெச்கீகரன்ட்யூசர் கீழே கன்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப் என்ற இடத்தில் மெனுஷோடிலே என்ற மதிப்பைப் பாருங்கள், இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். மெனு திறக்க மில்லிவிநாடித் தாமதம் அது, வழக்கமாக 400. 100 ஆக்கினால் பழைய சிஸ்டமும் சுறுசுறுப்பாகத் தெரியும். அதற்கும் உள்ளே விண்டோமெட்ரிக்ஸில் ஐகான்ஸ்பேசிங் -1125 என்றிருக்கும். குழம்ப வேண்டாம், 75-ஐ 15-ஆல் பெருக்கி மைனஸ் போட்டது அது. 100 வேண்டும் என்றால் -1500.

3.1-உடன் நேருக்கு நேர் ஒப்பிட ஐகான் ஃபான்ட்டைப் பாருங்கள். அங்கே ஒரு டெக்ஸ்ட் வரி. இங்கே ஐகான்ஃபான்ட் என்ற பெயரில் நீளமான பைனரி எண்தொடர், கையால் திருத்த முடியாது. டிஸ்ப்ளே ப்ராப்பர்ட்டீஸில் அப்பியரன்ஸ் தாவலுக்குப் போய், ஐட்டம் பட்டியலில் ஐகானைத் தேர்ந்தெடுத்து அங்கே டேப் ஃபான்ட்டை வைக்க வேண்டும். செய்வது சுலபம்தான். அந்த ஃபான்ட் ஃபைல் பின்னால் கெட்டுப்போய் எழுத்து எல்லாம் கட்டமாக நின்றால் மட்டும், திரும்பிப் போகிற வழியையும் அந்தக் கட்டங்களுக்குள்தான் தேட வேண்டும்.

98-க்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது, அதன் பேக்கப். ஒவ்வொரு நாளும் முதல் முறை சரியாகத் தொடங்கும்போது ஸ்கேன்ரெஜ் ஒரு காப்பி எடுத்து சி:\விண்டோஸ்\சிஸ்பேக்கப் என்ற மறைந்த ஃபோல்டரில், ஆர்பி000 முதல் ஆர்பி004 வரை ஐந்து கேப் ஃபைல்களாக வைக்கும். கெட்டால் கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி சிஸ்டத்தைப் போட்டு, மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் ஒன்லி தேர்ந்தெடுத்து, ஸ்கேன்ரெஜ் /ரெஸ்டோர் கொடுங்கள். தேதியோடு பட்டியல் வரும். ஐந்துதான் என்பதுதான் இதன் ஓட்டை. கோளாறான டெஸ்க்டாப்போடு அப்புறம் பார்க்கலாம் என்று ஐந்து நாள் ஓட்டினால் நல்ல காப்பி ஒவ்வொன்றாக வெளியே போய்விடும். ஸ்கேன்ரெஜ்.ஐஎன்ஐயில் மேக்ஸ்பேக்கப்காப்பீஸ் என்பதை 10 ஆக்குங்கள். பெரிய மாற்றத்துக்கு முன் ஸ்கேன்ரெஜ் /பேக்கப் கொடுத்து, கேப் ஃபைலை வேறு இடத்துக்கும் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் 95-இல் இந்த ஐந்தும் இல்லை, .டிஏ0 என்று முந்தைய காப்பி ஒன்றுதான்.

ரெஜெடிட்டில் எக்ஸ்போர்ட் செய்து வைத்த .ரெக் ஃபைலை முழு பேக்கப் என்று நினைப்பது வழக்கமான தவறு. அதை இம்போர்ட் செய்தால் பழைய மதிப்புகள் திரும்பும்; இடையில் புதிதாகச் சேர்ந்தவை நீங்காது. நேரடியாகக் கை வைக்கத் தயங்குபவர்களுக்கு ட்வீக்யூஐ இருக்கிறது. 98 முதல் பதிப்பின் சிடியில் டூல்ஸ், ரெஸ்கிட், பவர்டாய் ஃபோல்டருக்குள் கிடைக்கும், செகண்ட் எடிஷன் சிடியில் இருக்காது. ட்வீக்யூஐ.ஐஎன்எஃப் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்டால்.

இனி ரெஜிஸ்ட்ரியைத் தொடாத வழி. 98-இல் ஸ்டார்ட் மெனு என்பதும் டெஸ்க்டாப் என்பதும் சி:\விண்டோஸ் உள்ளே இருக்கும் சாதாரண ஃபோல்டர்கள். அவற்றுக்குள் ஷார்ட்கட்களை நகர்த்தினால், ஃபோல்டர் பெயர்களை மாற்றினால் மெனுவே மாறிவிடும். இழுத்துவிட்ட வரிசை ரெஜிஸ்ட்ரியில் மெனுஆர்டர் என்ற இடத்தில் சேருவதால் அது கலைந்துபோகக்கூடும். அகரவரிசையை நம்பி, பெயருக்கு முன் 1, 2 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். பழைய 3.1 குரூப்களைக் கொண்டுவர க்ரூப்கான்வ் /எம் உதவும்: .ஜிஆர்பி ஃபைலைக் காட்டினால் ஸ்டார்ட் மெனு ஃபோல்டராக மாற்றித் தரும். தானாக ஓடுபவற்றை எம்எஸ்கான்ஃபிக்கில் டிக்கை எடுத்து நிறுத்தலாம்.

எம்எஸ்டாஸ்.சிஸ் இங்கே முக்கியமான டெக்ஸ்ட் ஃபைல். அட்ரிப் -ஆர் -ஹெச் -எஸ் கொடுத்துத் திறந்து, [ஆப்ஷன்ஸ்] கீழே பூட்ஜியூஐ=0 என்றால் சிஸ்டம் டாஸில் நிற்கும், வேண்டும்போது வின் அடித்து உள்ளே போகலாம். பூட்மெனு=1 என்றால் ஒவ்வொரு முறையும் தொடக்க மெனு வரும். ஆட்டோஸ்கேன் 1 என்றால் ஒழுங்காக மூடாத அடுத்த முறை கேட்டுவிட்டு ஸ்கேன்டிஸ்க் ஓடும், 2 என்றால் கேட்காமலே, 0 என்றால் ஓடவே ஓடாது. நேரம் மிச்சம் என்று 0 வைக்கச் சொல்பவர்கள் உண்டு. மின்தடை உள்ள ஊரில் அதைக் கேட்காதீர்கள், 2 வையுங்கள். உள்ளே வரிசையாக எக்ஸ் எழுத்து நிறைந்த வரிகள் இருக்கும். குப்பை என்று அழித்துவிடக் கூடாது, ஃபைல் 1024 பைட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தவை அவை. இதே பெயரில் டாஸ் 6.22-இல் இருப்பது பைனரி சிஸ்டம் ஃபைல். அதை எடிட்டில் திறந்து சேவ் செய்தால் சிஸ்டம் எழாது. ஃப்ளாப்பியில் எழுப்பி சிஸ் சி: கொடுக்க வேண்டிவரும்.

ராம் அதிகமாகப் போட்ட 98 சிஸ்டம் தொடங்கும்போது மெமரி போதவில்லை என்று முரண்டு பிடித்தால், 512 எம்பிக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டம்.ஐஎன்ஐயில் [விகேஷ்] கீழே மேக்ஸ்ஃபைல்கேஷ்=524288 சேர்ப்பது வழக்கமான தீர்வு; அதற்கும் கேட்கவில்லை என்றால் [386இஎன்ஹெச்] கீழே மேக்ஸ்ஃபிஸ்பேஜ்=20000. ராம் சின்னதாக இருந்தால் ஆக்டிவ் டெஸ்க்டாப்பை நிறுத்துவதுதான் முதல் வேலை: டெஸ்க்டாப்பில் வலது கிளிக், ஆக்டிவ் டெஸ்க்டாப் போய் வியூ அஸ் வெப் பேஜ் டிக்கை எடுங்கள். கரண்டுக்காக சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் பெர்ஃபார்மன்ஸ், ஃபைல் சிஸ்டம், ட்ரபிள்ஷூட்டிங் வரை போய் ரைட் பிஹைண்ட் கேஷிங்கை நிறுத்தலாம்.

98-இலும் ஷெல்=ப்ரோக்மேன்.எக்ஸி வைக்க முடியும். டாஸ்க்பார் போய்விடும், பழைய குரூப் முறை திரும்பும். வேடிக்கைக்குச் செய்து பார்க்கலாம். தினசரி வேலைக்கு நாங்கள் சிபாரிசு செய்யவில்லை.

யாருக்கு எது

ஒரே டாஸ் புரோகிராமுக்காக வாழும் சிஸ்டத்துக்கு டாஸ் மெனு. அதில் 98 ஏற்றியிருந்தாலும் பூட்ஜியூஐ=0 வைத்து அதே முறைக்கு வாருங்கள்.

பல கைகள் புழங்கும் கடைக்கு, ராம் 16 எம்பிக்குக் கீழே என்றால் 3.1-உம் எடிட்லெவல் பூட்டும். முகூர்த்த மாதங்களில் வேலைக்கு வந்த பையன் ஐகானை அழித்துவிட்டான் என்று நிற்க வேண்டியிருக்காது. பேஜ்மேக்கர் 6.5 வேண்டும் என்பவர்களுக்கு 3.1 ஆகாது, 98-தான். அங்கே ஸ்டார்ட் மெனு ஃபோல்டர், எம்எஸ்டாஸ்.சிஸ், எம்எஸ்கான்ஃபிக் மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ரெஜிஸ்ட்ரியில் மெனு தாமதத்தைத் தவிர வேறெதுவும் அந்த வேலைக்குத் தேவைப்படாது.

வீட்டில் பழகிப் பார்க்க வைத்திருப்பவர்கள் ரெஜிஸ்ட்ரிக்குள் தாராளமாக இறங்கலாம், ஆனால் முதலில் 86பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் (புதிய கம்ப்யூட்டருக்குள் பழையதைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்). டிஸ்க் இமேஜை ஒரு காப்பி எடுத்து அதைக் கெடுத்துப் பார்க்கச் செலவே இல்லை. அங்கே தேறிய மாற்றத்தை மட்டும் உண்மையான சிஸ்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

எந்த வழியும் பொருந்தாத ஒரு வகையும் இருக்கிறது. பிரின்டர் போர்ட்டில் டாங்கிள் (மென்பொருளுக்குச் சாவி போன்ற சின்னக் கருவி) மாட்டினால்தான் திறக்கும் பழைய தமிழ் டிடிபி மென்பொருள் உள்ள சிஸ்டங்கள். எமுலேட்டர் பொதுவாக அந்த டாங்கிளைப் பார்க்காது, மென்பொருளை வேறு சிஸ்டத்தில் மறுபடி ஏற்றுவதும் சந்தேகம். அவற்றில் வால்பேப்பரைக் கூட மாற்றாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ அடாப்டர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, முழு டிஸ்க்கையும் இமேஜாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அந்த இமேஜை இன்னொரு டிஸ்க்கிலோ சிஎஃப் கார்டிலோ எழுதி, அதை வைத்துச் சிஸ்டம் எழுந்து டாங்கிளும் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு, அந்த இரண்டாவது டிஸ்க்கில் ஐகான்ஸ்பேசிங்கில் தொடங்கலாம்.